வடிவமைப்பில் இயலாமை ஒப்புருவாக்கம்

இயலாமை ஒப்புருவாக்கம் என்பது, குறைபாடு இல்லாத ஒருவர் பார்வை, கேள்வி, அசைவு போன்றவற்றில் ஏற்படும் குறைபாட்டின் சில விளைவுகளைத் தற்காலிகமாகத் தம்மீது ஏற்படுத்திக்கொண்டு, ஒரு பொருளையோ இடத்தையோ சேவையையோ பயன்படுத்திப் பார்க்கும் முறை ஆகும். கண்களைக் கட்டிக்கொண்டு நடப்பது, தடித்த கையுறை அணிந்து புட்டி மூடியைத் திறப்பது, சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒரு கட்டடத்துக்குள் நுழைய முயல்வது, கணினித் திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டு இணையத்தளத்தைப் பயன்படுத்துவது ஆகியவை இதற்கு எளிய எடுத்துக்காட்டுகள். தொழில்துறை வடிவமைப்பு, கட்டடக்கலை, மென்பொருள் உருவாக்கம், மருத்துவக் கல்வி முதலிய துறைகளில் இம்முறை பயன்படுகிறது.

இம்முறையால் பொதுவாக இரண்டு பயன்கள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஒன்று, மாற்றுத்திறனாளிகளிடம் வடிவமைப்பாளருக்கு ஒத்துணர்வு உண்டாதல். மற்றொன்று, பழகிய பொருளைப் புதிய கோணத்தில் காண்பதால் படைப்பாற்றல் தூண்டப்படுதல். ஆய்வுகள் இவ்விரண்டையும் ஒரே அளவில் உறுதிப்படுத்தவில்லை. பொருளில் உள்ள தடைகளைக் கண்டறியவும் புதிய எண்ணங்களைத் தூண்டவும் இம்முறை உதவுகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆனால், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை அறிந்துகொள்ள இது போதுமானதல்ல என்றும், சில வேளைகளில் அவர்களது திறன் பற்றிய மதிப்பீட்டைத் தாழ்த்திவிடுகிறது என்றும் வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன.

## அடிப்படைக் கருத்துருக்கள்

இத்துறையில் *குறைபாடு*, *இயலாமை* ஆகிய இரு சொற்களும் வேறுபடுத்திப் பார்க்கப்படுகின்றன. குறைபாடு என்பது உடல் அல்லது புலன் சார்ந்த ஒரு நிலை. இயலாமை என்பது அந்நிலைக்கும் சூழலுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையால் உருவாவது. படிக்கட்டு மட்டுமே உள்ள நூலகத்தில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர் நூல் எடுக்க இயலாதவர் ஆகிறார். சாய்தளம் உள்ள நூலகத்தில் அவரே மற்றவர்களைப் போல நூல் எடுத்துச் செல்கிறார். அவரது உடல்நிலை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான், மாறியது கட்டடம். 1970களில் பிரித்தானிய மாற்றுத்திறனாளி இயக்கங்கள் முன்வைத்த இப்பார்வை *இயலாமையின் சமூக மாதிரி* எனப்படுகிறது.

*ஒத்துணர்வு* என்பது பிறரது நிலையை அவரது இடத்தில் இருந்து புரிந்துகொள்ளும் ஆற்றல். *இரக்கம்* என்பது பிறரது துன்பம் கண்டு மனம் இளகுதல். இரக்கம் கொள்பவர் தம்மை மேலான நிலையிலும் மற்றவரைத் தாழ்ந்த நிலையிலும் வைத்து எண்ணிவிட இடமுண்டு. ஒப்புருவாக்கம் இவ்விரண்டில் எதனை உருவாக்குகிறது என்பதே இம்முறை குறித்த விவாதங்களின் மையக் கேள்வி எனலாம்.

## வரலாறு

### முன்னோடி நிகழ்வுகள்

பயனரின் புலனை அறியாமல் வடிவமைப்பதில் உள்ள சிக்கலுக்கு ஓர் பழைய எடுத்துக்காட்டு பார்வையற்றோருக்கான எழுத்துமுறை ஆகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் நிறுவப்பட்ட பார்வையற்றோர் பள்ளியில், வழக்கமான இலத்தீன் எழுத்துகளே தாளில் புடைத்து நிற்குமாறு அச்சிடப்பட்டன. இவ்வெழுத்துகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தன. விரலால் படிப்பதற்கோ மெதுவானவையாகவும் கடினமானவையாகவும் இருந்தன. பின்னர் சார்லசு பார்பியே என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, 12 புள்ளிகள் வரை கொண்ட ஒரு குறிமுறையை உருவாக்கினார். அப்பள்ளியின் மாணவரான லூயி பிரெயில் 1824இல், தமது 15ஆம் அகவையில், அதனை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். ஆறு புள்ளிகளையும் விரல் நுனி ஒரே தொடுதலில் உணர்ந்துவிடும். விரலால் நாள்தோறும் படித்தவருக்கே இந்த அளவு புலப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அப்பள்ளி இம்முறையை முறைப்படி ஏற்றது 1854இல், பிரெயில் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே.

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வேலி ஃபோர்ச் படை மருத்துவமனையில் பார்வை இழந்த வீரர்களுக்குப் பயிற்சி அளித்த ரிச்சர்ட் ஹூவர், நீண்ட வெண்கோலை இடமும் வலமும் வீசி நடக்கும் முறையை வகுத்தார். தாமே கண்களைக் கட்டிக்கொண்டு அம்முறையைப் பழகிப் பார்த்த அவர், அதே மருத்துவமனையின் வீரர்களுக்கு அதைக் கற்பித்தார். பார்வையுள்ள ஒருவரின் ஒப்புருவாக்கமும் பார்வையற்ற பயனர்களின் அன்றாடப் பயன்பாடும் ஒன்றாகச் சேர்ந்த தொடக்ககால நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

உளவியலில், 1972இல் குளோர், ஜெஃப்ரி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு பெரிதும் அறியப்பட்டது. இதில் கல்லூரி மாணவர்கள் சிலர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் சக்கர நாற்காலியில் வளாகத்தைச் சுற்றிவந்தனர். மாற்றுத்திறனாளி மாணவர்கள் குறித்த அவர்களது மனப்பாங்கு சாதகமாக மாறியதாக அவ்வாய்வு கூறியது. இதன் பின்னர் பள்ளிகளிலும் பயிற்சி நிறுவனங்களிலும் இத்தகைய பயிற்சிகள் பரவலாயின.

### பட்ரிசியா மூரின் களச்சோதனை

வடிவமைப்புத் துறையில் இம்முறையைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்கத் தொழில்துறை வடிவமைப்பாளர் பட்ரிசியா மூர் ஆவார். நியூயார்க்கில் ரேமண்ட் லோவியின் நிறுவனத்தில் பணியாற்றியபோது, குளிர்சாதனப் பெட்டியின் கதவை மூட்டுவலி உள்ளவரும் எளிதில் திறக்குமாறு அமைக்கலாமே என்று அவர் ஒரு கூட்டத்தில் கேட்டார். அத்தகையவர்களுக்காக நாம் வடிவமைப்பதில்லை என்ற பொருளில் அவருக்கு விடை கிடைத்தது.

1979இல், தமது 26ஆம் அகவையில், மூர் 80 அகவையைக் கடந்த மூதாட்டியாக வேடம் பூண்டு பொது இடங்களுக்குச் செல்லத் தொடங்கினார். முகத்தில் செயற்கைத் தோல் ஒட்டப்பட்டது. மூட்டுகள் எளிதில் மடங்காதவாறு கட்டப்பட்டன. காதுகள் அடைக்கப்பட்டன, பார்வை மங்கலாக்கப்பட்டது. 1982 வரை, வசதி படைத்தவர் முதல் வீடற்றவர் வரை பல்வேறு மூதாட்டிகளாக, ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 116 நகரங்களுக்கு அவர் சென்றார். கடைகளில் அவமதிக்கப்பட்டார், ஒருமுறை இளைஞர் கூட்டத்தால் கடுமையாகத் தாக்கவும்பட்டார். இப்பட்டறிவை 1985இல் நூலாக வெளியிட்டார்.

மூரின் சோதனையைப் பிற்காலத்துப் பயிற்சிகளில் இருந்து வேறுபடுத்தும் கூறுகள் இரண்டு. முதலாவதாக, அது மூன்று ஆண்டுகள் நீடித்தது. இரண்டாவதாக, பொருட்கள் எவ்வாறு தடையாகின்றன என்பதுடன், முதியவரை மக்கள் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதும் அதில் பதிவானது. அறைக்குள் நடக்கும் ஒரு மணிநேரப் பயிற்சியில் இந்த இரண்டாவது கூறு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

### முதுமை உடைகள்

1990களில் ஃபோர்டு மகிழுந்து நிறுவனம், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்துடன் இணைந்து *மூன்றாம் அகவை உடை* என்ற உடையை உருவாக்கியது. முழங்கால், முழங்கை, கழுத்து ஆகியவற்றின் அசைவைக் கட்டுப்படுத்தும் இவ்வுடையை இளம் பொறியாளர்கள் அணிந்து, மகிழுந்தில் ஏறி இறங்கிப் பார்த்தனர். 1998இல் வெளிவந்த ஃபோர்டு ஃபோகசு மகிழுந்தின் வடிவமைப்பில் இது பயன்படுத்தப்பட்டது. மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் 1999இல் தொடங்கப்பட்ட முதுமை ஆய்வகமும் *ஆக்னசு* என்ற இதுபோன்ற உடையை உருவாக்கியது. உடலின் பகுதிகளை இணைக்கும் மீள்பட்டைகள், கையுறைகள், மஞ்சள் நிறக் கண்ணாடி, நடையின் நிலைத்தன்மையைக் குறைக்கும் காலணிகள் முதலியன இதில் அடங்கும்.

## வகைகளும் கருவிகளும்

* பார்வை: கண்கட்டு; பார்வையை மங்கலாக்கும் கண்ணாடி; பார்வைப் புலத்தின் நடுப்பகுதியை அல்லது ஓரத்தை மறைக்கும் கண்ணாடி; கண்புரையைப் போலக் காட்டும் மஞ்சள் கண்ணாடி.
* கேள்வி: காதடைப்பான், பேச்சொலியின் சில அதிர்வெண்களை வடிகட்டி ஒலிக்கச் செய்யும் மென்பொருள்.
* கைத்திறன்: விரல் மடங்குவதைத் தடுக்கும் கையுறை; ஒரு கையைக் கட்டிவைத்தல்.
* நடமாட்டம்: சக்கர நாற்காலி, ஊன்றுகோல், மூட்டுப் பட்டைகள், எடை கூட்டிய மேற்சட்டை.
* நிறப்பார்வை: படத்தின் நிறங்களை மாற்றிக் காட்டும் மென்பொருள்.

இக்கருவிகளுள் சில உணர்வைத் தூண்டுவதற்கும், சில அளவிடுவதற்கும் உருவாக்கப்பட்டவை. கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தின் பொறியியல் வடிவமைப்பு மையம் உருவாக்கிய ஒப்புருவாக்கக் கண்ணாடிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஒன்றின்மேல் ஒன்றாக இவற்றை அணியலாம். அணியும் எண்ணிக்கை கூடக்கூடப் பார்வைக் கூர்மை குறையும். எத்தனை கண்ணாடிகள் அணியும்வரை ஒரு மருந்துப் பெட்டியின் எழுத்தைப் படிக்க முடிகிறது என்று பார்த்தால், அவ்வெழுத்து எவ்வளவு பார்வைத் திறனைக் கோருகிறது என்பது தெரியவரும். இங்கு சோதிக்கப்படுவது மருந்துப் பெட்டி. பார்வை குன்றியவராக வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு இச்சோதனை விடை கூற முற்படுவதில்லை.

வலி, களைப்பு, நாளுக்கு நாள் மாறும் நோய்நிலை, மனநலச் சிக்கல்கள் போன்றவற்றைக் கருவிகளைக் கொண்டு ஒப்புருவாக்குவது மிகக் கடினம். எனவே இம்முறையை மட்டும் நம்பும் வடிவமைப்பில், எளிதில் நடித்துக் காட்டக்கூடிய குறைபாடுகளே கவனம் பெறுகின்றன.

## படைப்பாற்றலைத் தூண்டும் விதம்

வடிவமைப்பாளர்கள் தாம் முன்பு கண்ட தீர்வையே மீண்டும் மீண்டும் வரையும் போக்கு *வடிவமைப்புப் பிடிப்பு* எனப்படும். 1991இல் ஜான்சன், சிமித் ஆகியோர் நடத்திய ஆய்வில், பார்வையற்றோருக்கான அளவைக் கிண்ணம் உள்ளிட்ட சில பொருட்களை வடிவமைக்குமாறு பொறியியல் மாணவர்களும் வடிவமைப்பாளர்களும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மாதிரிப் படம் ஒன்றைப் பார்த்தவர்கள் அதன் கூறுகளை, பிழையான கூறுகள் உட்பட, தம் வடிவமைப்பில் மீண்டும் பயன்படுத்தினர்.

இப்பிடிப்பைத் தளர்த்தும் வழிகளுள் ஒன்றாக ஒப்புருவாக்கம் கருதப்படுகிறது. ஒரு பொருளைப் பழகிய வழியில் பயன்படுத்த முடியாதபோது, அதன் ஒவ்வொரு பகுதியும் எதற்காக அங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. எரிக் வான் இப்பெல் 1986இல் முன்வைத்த *முன்னோடிப் பயனர்* என்ற கருத்துரு இதற்கு அடிப்படை. சந்தையின் பெரும்பான்மையினருக்குப் பின்னர் ஏற்படப்போகும் தேவையை முன்கூட்டியே கடுமையாக உணர்பவர் முன்னோடிப் பயனர் ஆவார். அத்தகையவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. ஆகவே, சாதாரணப் பயனரையே கடினமான சூழலில் பொருளைப் பயன்படுத்த வைத்தால் என்ன என்று லின், சீப்பர்சாட் ஆகிய ஆய்வாளர்கள் எண்ணினர். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாசு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர்கள், 2007இல் இருவர் தங்கும் கூடாரத்தைக் கொண்டு இதைச் சோதித்தனர். பார்வையும் கைத்திறனும் கட்டுப்படுத்தப்பட்ட நிலைகள் போன்ற கடினமான சூழல்களில் கூடாரத்தைப் பயன்படுத்தியவர்களிடம் நடத்திய நேர்காணலில், வழக்கமான நேர்காணலைவிடப் பல மடங்கு *மறைந்துள்ள தேவைகள்*, அதாவது பயனர் தாமாக எடுத்துச் சொல்லாத தேவைகள், வெளிப்பட்டன.

2011இல் சீப்பர்சாட், ஹோல்ட்டா-ஓட்டோ முதலியோர் அடங்கிய குழு, விழிப்பு மணிக்கூட்டைப் புதிதாக வடிவமைக்கும் பணியை மாணவர்களிடம் கொடுத்தது. ஒரு பிரிவினர், புலன்களையும் கைத்திறனையும் கட்டுப்படுத்தும் நிலைகளில் மணிக்கூட்டைப் பயன்படுத்திய பின்னர் எண்ணங்களை வரைந்தனர். மற்றொரு பிரிவினர் அத்தகைய பயிற்சியின்றி வரைந்தனர். முதற்பிரிவினரின் எண்ணங்கள் கூடுதலான புதுமை கொண்டிருந்தன. செயற்படுத்தக்கூடிய தன்மையில் அவை குறைந்துவிடவில்லை. மணிக்கூடும் பயனரும் தொடர்புகொள்ளும் விதம் பற்றிய மாற்றங்கள் அவற்றில் அதிகம் இருந்தன.

இவ்விளைவின் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. மணிக்கூட்டைக் கண்ணால் பார்ப்பவருக்கு அது எண்களைக் காட்டும் பொருள். கண் மூடப்பட்டவருக்கு அது தொட்டு அறிய வேண்டிய பொருள். காது அடைக்கப்பட்டவருக்கு, ஒலியின்றி ஒருவரை எழுப்புவது எப்படி என்ற கேள்வியே முன்னிற்கிறது. ஒளி, அதிர்வு, காற்று, வெப்பம் என்று தேடல் விரிகிறது. இவ்வாறு கிடைக்கும் தீர்வு, அருகில் உறங்கும் குழந்தையை எழுப்பாமல் தாம் மட்டும் எழ விரும்பும் பெற்றோருக்கும் பயன்படும்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010களில் வெளியிட்ட உள்ளடக்கும் வடிவமைப்புக் கையேடு, இதை *நிலையான*, *தற்காலிகமான*, *சூழல்சார்ந்த* என மூன்று நிலைகளாக வகுத்தது. ஒரு கை இல்லாதவர், கை முறிந்தவர், கையில் குழந்தையை வைத்திருப்பவர் ஆகிய மூவரும் ஒரே கையால் இயக்கக்கூடிய கருவியால் பயன்பெறுவர். ஆயினும் மூவரது வாழ்வும் ஒன்றே என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. தேவை ஒன்றுபடலாம், சமூகத்தில் அவர்கள் நடத்தப்படும் விதம் ஒன்றுபடுவதில்லை.

## ஒத்துணர்வு குறித்த ஆய்வு முடிவுகள்

ஒத்துணர்வு குறித்த முடிவுகள் மாறுபட்டவை. 1972ஆம் ஆண்டு ஆய்வு சாதகமாக அமைந்தபோதிலும், பிற்கால ஆய்வுகள் பலவற்றில் அத்தகைய விளைவு தென்படவில்லை. 2007இல் ஃபிளவர், பர்ன்சு, பாட்சுஃபோர்டு-மில்லர் ஆகியோர் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மனப்பாங்கை மாற்றும் முறையாக ஒப்புருவாக்கத்தைப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்ற முடிவுக்கு அது வந்தது.

சில்வர்மேன், குவின், வான் போவன் ஆகியோரின் ஆய்வு 2015இல் அச்சில் வெளிவந்தது. இவர்களுள் சில்வர்மேன் பார்வையற்றவர். இவ்வாய்வில் கண்களைக் கட்டிக்கொண்டு சில பணிகளைச் செய்தவர்கள், அவ்வாறு செய்யாதவர்களைக் காட்டிலும், பார்வையற்றோரை வேலை செய்வதிலும் தனித்து வாழ்வதிலும் திறன் குறைந்தவர்களாக மதிப்பிட்டனர். தாமே பார்வை இழந்தால் அந்நிலைக்குப் பழகிக்கொள்ள நீண்ட காலம் ஆகும் என்றும் கருதினர்.

2017இல் நாரியோ-ரெட்மண்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், எழுத்துப் படிப்பு, கேள்வி, நடமாட்டம் ஆகியவற்றில் குறைபாடுகள் ஒப்புருவாக்கப்பட்டன. பங்கேற்றோரின் பரிவு கூடியது உண்மையே. அதேவேளையில் குழப்பம், கூச்சம், செய்வதறியாத நிலை, தமக்கும் இப்படி நேரலாம் என்ற அச்சம் ஆகியவையும் கூடின. மாற்றுத்திறனாளிகளுடன் பழகுவது பற்றிய மனப்பாங்கில் முன்னேற்றம் காணப்படவில்லை.

இம்முடிவுகளின் விளைவு ஆய்வகத்தோடு நின்றுவிடுவதல்ல. பயிற்சியில் பங்கேற்ற ஒருவர் நாளை வேலைக்கு ஆள் தெரிவு செய்பவராகவோ, ஆசிரியராகவோ, குழுத் தலைவராகவோ இருக்கக்கூடும். "பாவம், இவர்களுக்கு எவ்வளவு கடினம்" என்ற எண்ணத்துடன் பயிற்சியை முடிப்பவர், தகுதியுள்ள பார்வையற்ற ஒருவருக்கு வேலை கொடுக்கத் தயங்கலாம். அவ்வகையில், நல்ல நோக்கத்துடன் நடத்தப்படும் பயிற்சி யாருக்காக நடத்தப்படுகிறதோ அவர்களுக்கே தீங்காக முடியும் வாய்ப்பு உள்ளது.

### காரணங்கள்

இத்தகைய விளைவுக்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

# முதல் நிமிடத்தின் அதிர்ச்சி: கண்ணைக் கட்டிக்கொள்பவர் உணர்வது, பார்வையைத் திடீரென இழந்த முதல் சில நிமிடங்களை மட்டுமே. வெண்கோல், பிரெயில், ஒலியைக் கொண்டு திசை அறிதல் முதலிய திறன்களைப் பல ஆண்டுகளாகப் பழகியவரின் வாழ்வு அதில் இல்லை.
# பொருந்தாத கருவிகள்: பயிற்சியில் கிடைக்கும் சக்கர நாற்காலி பெரும்பாலும் மருத்துவமனைகளில் உள்ளது போன்ற கனமான நாற்காலி. நாள்தோறும் பயன்படுத்துபவரின் நாற்காலி அவரது உடலுக்கு ஏற்ப அமைக்கப்பட்டதாக இருக்கலாம். அவரது தோள்களும் கைகளும் அதற்குப் பழகியவை.
# மொழியும் சமூகமும் இல்லாமை: காதை அடைத்துக்கொள்பவருக்கு ஒலி மட்டும் குறைகிறது. காதுகேளாதோர் சமூகத்தின் சைகை மொழி அவருக்குக் கிடைத்துவிடுவதில்லை.
# விலகிச் செல்லும் உரிமை: பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் கண்கட்டை அவிழ்த்துவிடலாம். நாள்தோறும் சந்திக்கும் ஒதுக்கலும் வேலை மறுப்பும் அவரைத் தொடுவதில்லை.

## மென்பொருள் வடிவமைப்பில்

மென்பொருள் துறையில் ஒப்புருவாக்கம் எளிதாகவும் செலவின்றியும் செய்யப்படக்கூடியது. சுட்டியைக் கழற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் ஒரு படிவத்தை நிரப்பிப் பார்த்தால், எட்ட முடியாத பொத்தான்கள் உடனே தெரியவரும். ஒலியை நிறுத்திவிட்டு நிகழ்படத்தைப் பார்த்தால் துணையுரையின் தேவை விளங்கும்.

நிறப்பார்வைக் குறைபாட்டுக்கான ஒப்புருவாக்கம் இவற்றுள் நம்பகமானது. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாட்டை அறிவதில் குறைபாடு உண்டு. 1997இல் பிரெட்டெல், வியேனோ, மோலன் ஆகியோர் இதற்கான கணிப்பு முறையை வெளியிட்டனர். ஒரு நிறம் கண்ணின் மூன்று வகைக் கூம்புச் செல்களை எந்த அளவில் தூண்டும் என்று கணக்கிட்டு, செயற்படாத வகையின் அளவை மற்ற இரண்டுக்கும் ஏற்ப மாற்றி, மீண்டும் திரை நிறமாக்குவது இதன் அடிப்படை. ஒரு கண்ணில் மட்டும் இக்குறைபாடு உள்ள அரிய மனிதர்கள், இரு கண்களாலும் மாறிமாறிப் பார்த்து எந்நிறங்கள் ஒன்றுபோல் தெரிகின்றன என்று கூறிய தரவுகளை இம்முறை பயன்படுத்திக்கொண்டது. சிறந்த ஒப்புருவாக்கியும் பயனரின் சாட்சியத்தின் மேலேயே கட்டப்பட்டுள்ளது என்பதற்கு இது சான்று. 2020இல் குரோம் உலாவியின் ஆக்குநர் கருவிகளில், நிறப்பார்வைக் குறைபாடு, மங்கல் பார்வை ஆகியவற்றை ஒப்புருவாக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

திரைவாசிப்பானைக் கொண்டு செய்யும் சோதனையில் கூடுதல் கவனம் தேவை. முதன்முறை பயன்படுத்தும் பொறியாளர், பக்கத்தை முதல் வரியில் இருந்து மெதுவாகக் கேட்டுச் சலிப்படைகிறார். கேட்பவர் வழிதவறிவிடுவார் என்று எண்ணி, ஒவ்வொரு பொத்தானுக்கும் நீண்ட விளக்கம் சேர்க்க முனைகிறார். பழகிய பயனரோ தலைப்பு விட்டுத் தலைப்புத் தாவி, மற்றவர்களுக்குச் சொற்களே விளங்காத வேகத்தில் கேட்கிறார். அவருக்கு அந்த விளக்கங்கள் இடையூறாகின்றன. அவர் எதிர்பார்ப்பது ஒழுங்காக அமைந்த தலைப்புகளையும் சரியாகப் பெயரிட்ட பொத்தான்களையுமே. ஒரே கருவியைக் கையாண்டும், ஒப்புருவாக்கியவர் தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்பதை இது காட்டுகிறது.

இத்துறையின் முதன்மையான கருவிகள் சிலவற்றைப் பார்வையற்ற பொறியாளர்களே உருவாக்கினர். டி. வி. இராமன் உருவாக்கிய *ஈமேக்ஸ்பீக்* 1995இல் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, ஜேம்சு டே என்பவருடன் வளர்த்தெடுத்த *என்விடிஏ* திரைவாசிப்பான் இலவசமாகவும் திறமூலமாகவும் கிடைக்கிறது.

## விமர்சனங்கள்

சாலி ஃபிரெஞ்சு 1992இல் எழுதிய கட்டுரையில், ஒப்புருவாக்கப் பயிற்சிகள் இயலாமையை உடலின் சிக்கலாகச் சுருக்கி, சமூகத் தடைகளை மறைத்துவிடுகின்றன என்று வாதிட்டார். 2019இல் சிந்தியா பென்னட், டேனியலா ரோசுனர் ஆகியோர், ஒத்துணர்வை மையமாகக் கொண்ட வடிவமைப்பு முறைகளை விமர்சித்தனர். மாற்றுத்திறனாளிகளுடன் சேர்ந்து இருப்பதற்குப் பதிலாக, அவர்களைப் போல ஆகிப் பார்த்ததாக எண்ணிக்கொள்வது, அவர்களது அறிவையும் பங்களிப்பையும் ஓரங்கட்டுகிறது என்பது அவர்களது கருத்து.

இக்கருத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாக *ஆக்சோ குட் கிரிப்சு* சமையற் கருவிகள் சுட்டப்படுகின்றன. 1990இல் வெளிவந்த இக்கருவிகள் தடித்த, மென்மையான கைப்பிடி கொண்டவை. அனைவருக்குமான வடிவமைப்பின் வெற்றியாக உலகெங்கும் போற்றப்படுபவை. மூட்டுவலியால் துன்புற்ற மனைவிக்காகச் சாம் ஃபார்பர் இவற்றை உருவாக்கினார் என்பதே பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் கதை. ஆனால் மனைவி பெட்சி ஃபார்பரும் வடிவமைப்புப் பின்னணி கொண்டவர். கைக்கு இதமான கருவிகள் என்ற கருத்துரு தம்முடையது என்றும், வரலாற்றில் தாம் மூட்டுவலிக்காரராகவே நினைவுகூரப்படக்கூடும் என்றும் அவர் கூறியதை, மாற்றுத்திறனாளி வடிவமைப்பாளர் லிசு சாக்சன் 2018இல் எழுதினார்.

பயனர் கேட்காத, அவருக்கு உதவாத, ஆனால் காண்போரை வியக்க வைக்கும் கருவிகளைக் குறிக்க, சாக்சன் 2019இல் ஒரு கேலிச்சொல்லையும் உருவாக்கினார். சைகையைப் பேச்சாக மாற்றுவதாகக் கூறும் கையுறைகள் இத்தகையவற்றுக்கு எடுத்துக்காட்டு. சைகை மொழியின் இலக்கணத்தில் முகபாவம், உடல் அசைவு, கைகள் இயங்கும் இடம் ஆகியவையும் அடங்கும். கையுறை இவற்றை அறியாது. மேலும், காதுகேளாதவர் பேசுவதை மற்றவர் அறிய மட்டுமே அது முயல்கிறது. மற்றவர் பேசுவது காதுகேளாதவருக்கு விளங்க அதில் வழியில்லை.

## பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள்

மேற்கண்ட ஆய்வுகளையும் விமர்சனங்களையும் கருத்திற் கொண்டு, வகுப்பறையிலோ நிறுவனத்திலோ இம்முறையைப் பயன்படுத்துவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

# சோதிக்கப்படுவது பொருளே என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்குதல். "பார்வையற்றவராக இருந்து பாருங்கள்" என்பதற்குப் பதிலாக, "இப்பணப்பொறியில் பார்வையின்றிச் செய்ய முடியாதவை எவை என்று பட்டியலிடுங்கள்" என்று பணியை வரையறுத்தல்.
# பயிற்சிக்குப் பின் "எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "எந்தப் பகுதி தடையானது? அதை எவ்வாறு மாற்றலாம்?" என்று கேட்டல்.
# அப்பணியைத் திறம்படச் செய்யும் மாற்றுத்திறனாளி ஒருவர் அதனைச் செய்வதையும் காணுதல். தடுமாற்றமே இயல்பு என்ற எண்ணம் இதனால் நீங்கும்.
# கண்டறிந்தவற்றை முடிவுகளாகக் கொள்ளாமல் ஊகங்களாகக் கொண்டு, மாற்றுத்திறனாளிப் பயனர்களிடம் சரிபார்த்தல். அவர்களது நேரத்துக்கும் அறிவுக்கும் உரிய ஊதியம் அளித்தல்.
# வடிவமைப்புக் குழுவிலேயே மாற்றுத்திறனாளிகள் இடம்பெறச் செய்தல்.
# படிக்கட்டு, சாலை போன்ற இடங்களில் துணையாள் இன்றிக் கண்கட்டுப் பயிற்சி நடத்தாதிருத்தல்.

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, அவர்களைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும்போது அவர்களுடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்று நாடுகளைக் கோருகிறது. இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் இதனை உறுதிப்படுத்தின. "எங்களை விடுத்து எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்ற மாற்றுத்திறனாளி இயக்க முழக்கத்தின் பொருளும் இதுவே. அனைவருக்குமான வடிவமைப்பு என்ற கருத்துருவை வளர்த்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரொனால்டு மேசு, சிறு அகவையில் இளம்பிள்ளைவாதம் தாக்கிச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர் ஆவார்.

## இவற்றையும் பார்க்க

* அனைவருக்குமான வடிவமைப்பு
* இயலாமையின் சமூக மாதிரி
* பிரெயில் எழுத்துமுறை
* திரைவாசிப்பான்
* நிறப்பார்வைக் குறைபாடு